ஹெல்மெட்டில் ஒரு ஸ்டிக்கர்

கொத்துக்கரண்டியை எந்தக் கொத்தனாரும் இரவல் தரமாட்டார். பல வருஷம் ஒரே கையில் தேய்ந்த கரண்டிக்கு அந்தக் கையின் சாய்வு வந்துவிடும். வேறு கையில் அது பூச்சை ஒழுங்காக இழுக்காது. என் பெரியப்பா கொத்தனார். அவரோடு வேலை செய்த ஒருவர் ஒரு சனிக்கிழமை மாலை, கூலி வாங்கிய கையோடு, தன் கரண்டியையும் ரசமட்டத்தையும் கூட இருந்த பையனிடம் கொடுத்து, "இனிமே நீயே வச்சுக்க" என்றிருக்கிறார். பையனுக்குச் சந்தோஷம். தன்னையும் ஒரு கொத்தனாராக ஒப்புக்கொண்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டான். அந்த வாரம் முழுக்க அவர் மதியச் சாப்பாட்டைத் திறக்காமல் மூடியே வைத்திருந்ததைப் பெரியப்பா பார்த்திருந்தார். வீட்டில் ஏதோ சண்டை போல என்று விட்டுவிட்டார். திங்கட்கிழமை அவர் வரவில்லை. இனி வரவே போவதில்லை என்ற செய்திதான் வந்தது.

பெரியப்பா அதற்குப் பிறகு எத்தனையோ வீடுகள் கட்டினார். அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் ஒன்றையே சொல்வார்: "கேட்டிருக்கணும்டா. வாயைத் தொறந்து கேட்டிருக்கணும்."

கேட்காததால்தான் அந்தக் கொத்தனார் இறந்தார் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு தற்கொலைக்குப் பின்னால் ஒற்றைக் காரணம் இருப்பது அபூர்வம். ஆனால் கேட்டால் என்ன நடக்கும் என்பதை மருத்துவ ஆய்வுகள் அளந்து பார்த்திருக்கின்றன. கிடைத்த விடை பெரியப்பாவுக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில், உயரமான கட்டடம் எழும்பும் இடங்களில் காலை வேலைக்கு வருகிறவர்களைக் கவனித்தால், சிலருடைய ஹெல்மெட்டில் மட்டும் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அவர்கள் மருத்துவர்கள் இல்லை. கம்பி கட்டுகிறவர், கிரேன் ஓட்டுகிறவர், குழாய் பொருத்துகிறவர் என்று மற்றவர்களைப் போலவே வேலைக்கு வந்தவர்கள். மனசு தாங்காதபோது, உயிரோடு இருக்கவே பிடிக்காதபோது, இவரிடம் போய்ச் சொல்லலாம் என்பதற்கு அந்த ஸ்டிக்கர் அடையாளம். அவர் பதறமாட்டார். ஊரெல்லாம் பரப்பமாட்டார். சொன்னவரைத் தனியாக விட்டுவிட்டும் போகமாட்டார்.

இது எங்கிருந்து வந்தது? அங்குள்ள க்ரிஃபித் பல்கலைக்கழகத்தில் தற்கொலைத் தடுப்புக்கென்றே ஓர் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. டியகோ டி லியோ என்ற மனநல மருத்துவர் அதன் தலைவராக இருந்த காலத்தில், 2006-ல், குவீன்ஸ்லாந்து கட்டடத் தொழிலாளர்களின் தற்கொலைகளை ஆராய்ந்து அந்த நிறுவனம் ஓர் அறிக்கை தந்தது. உழைக்கும் வயதிலுள்ள மற்ற ஆண்களைவிடக் கட்டடத் தொழிலாளர்களிடம் தற்கொலை விகிதம் கூடுதலாக இருந்தது. இளம் தொழிலாளர்களிடம் இன்னும் கூடுதல். தொழிற்சங்கமும் முதலாளிகளும் வேறு எதில் ஒத்துப்போனார்களோ இல்லையோ, இதில் ஒத்துப்போனார்கள். 2008-ல் 'மேட்ஸ் இன் கன்ஸ்ட்ரக்‌ஷன்' என்ற அமைப்பு பிறந்தது. 'மேட்' என்பது அந்த நாட்டில் ஆண்கள் ஒருவரையொருவர் அழைக்கும் சொல். நம் ஊர்க் 'கூட்டாளி'க்கும் 'பங்காளி'க்கும் பக்கத்தில் வைக்கலாம். அமைப்பை முன்னின்று நடத்திய யோர்கன் குல்லெஸ்ட்ரப், குழாய் வேலை செய்து சங்கப் பொறுப்புக்கு வந்தவர்.

அவர்கள் செய்த ஏற்பாடு மிக எளிது. தளத்தில் வேலை செய்யும் எல்லோருக்கும் வேலை நேரத்திலேயே ஒரு மணி நேரப் பேச்சு. முன்வருகிற சிலருக்கு அரைநாள் பயிற்சி. ஆபத்தில் இருப்பவரை அடையாளம் காண்பதும், உதவி வரும்வரை அவரைப் பத்திரமாக வைத்திருப்பதும் அதில் உண்டு. இன்னும் சிலருக்கு இரண்டு நாள் பயிற்சி. அதற்குப் பின்னால் எந்நேரமும் எடுக்கும் ஒரு தொலைபேசி. கட்டடத் தொழிலாளி ஒருவர் வேலையிட விபத்தில் இறப்பதைவிடத் தற்கொலையால் இறக்கும் வாய்ப்பு சுமார் ஆறு மடங்கு என்று அந்த அமைப்பு கணக்குச் சொல்கிறது. விழுந்துவிடாமல் இருக்க வலை, பெல்ட், சாரம், ஹெல்மெட் என்று இத்தனை இருக்கும் இடத்தில் இந்தக் கணக்கைக் கேட்டவர்கள் திடுக்கிட்டதில் வியப்பில்லை.

ஆஸ்திரேலியாவோடு முடிகிற கதை இல்லை இது. அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையம் 2021-ம் ஆண்டுக்கு எடுத்த கணக்கில், உழைக்கும் ஆண்களில் லட்சத்துக்கு 32 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். கட்டுமானத் துறை ஆண்களில் 56 பேர். இங்கிலாந்தின் புள்ளிவிவர அலுவலகம் 2011 முதல் 2015 வரையிலான மரணங்களைப் பிரித்துப் பார்த்தபோது, கட்டுமான வேலைகளில் இருக்கும் உதவியாட்களின் அபாயம் ஆண்களின் சராசரியைப்போல் மூன்று மடங்காக இருந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2021-ம் ஆண்டுப் பட்டியலில் நாடு முழுவதும் தற்கொலையால் இறந்தவர்கள் 1,64,033 பேர். அவர்களில் தினக்கூலிகள் 42,004 பேர். நான்கில் ஒருவர். 2014-ல் இந்தப் பங்கு 12 சதவீதமாக இருந்தது. 2021-ன் 42,004 பேரில் 7,673 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். வேறு எந்த மாநிலத்திலும் இவ்வளவு இல்லை. விவசாயக் கூலிகள் இதில் சேரமாட்டார்கள், அவர்களுக்குத் தனிக் கட்டம் உண்டு. கட்டட வேலைக்குத் தனிக் கட்டம் கிடையாது. சாரத்தில் நின்றவர் எத்தனை பேர், மூட்டை சுமந்தவர் எத்தனை பேர் என்று அந்தப் பட்டியல் பிரித்துச் சொல்வதில்லை. குவீன்ஸ்லாந்தில் முதல் வேலையாகத் தனியே எண்ணினார்கள். நாம் இன்னும் அங்கேகூட வரவில்லை என்பதை வருத்தத்தோடு சொல்லவேண்டியிருக்கிறது.

கட்டட வேலையில் அப்படி என்ன இருக்கிறது? ஒரு வேலை நன்றாக முடிந்தால் அந்த வேலை போய்விடும். இந்தத் தொழிலின் அமைப்பே அதுதான். தளம் போட்டு, பூச்சு முடிந்து, வீட்டுக்காரர் பால் காய்ச்சும் நாளில் கொத்தனாருக்கு வேட்டி சட்டை கிடைக்கும். மறுநாள் அவர் ஆள் நிற்கிற இடத்துக்குப் போய் நிற்கவேண்டும். மழைக்காலத்தில் வாரக்கணக்காக வேலை இருக்காது. நாற்பது வயதில் இடுப்பும் முழங்காலும் போய்விடும். அந்த வலிக்கு மாலையில் குடிப்பார். குடித்தால் தூக்கம் கெடும், வீடு கெடும். மேஸ்திரியிடம் வாங்கிய அட்வான்ஸ், குழுவில் வாங்கிய கடன், கந்து வட்டி எல்லாம் அடுத்த வாரக் கூலியை இந்த வாரமே தின்றுவிடும்.

பணக் கவலை மூளையில் என்ன செய்கிறது என்று பார்த்த ஆய்வு ஒன்று நம் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் நடந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட நால்வர் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்பும் பின்பும் சோதித்து 2013-ல் வெளியிட்டார்கள். ஆள் அதே ஆள். பணம் வருவதற்கு முன் யோசனைச் சோதனைகளில் தடுமாறியவர், பணம் வந்தபின் நன்றாகச் செய்தார். அறிவு கூடிவிடவில்லை; அதை அடைத்துக்கொண்டிருந்த கவலை விலகியது என்பது அவர்களின் விளக்கம். ஒடிசாவில் இலைத்தட்டு செய்யும் சுமார் 400 தொழிலாளர்களிடம் முல்லைநாதனும் வேறு சிலரும் இன்னொன்றைச் செய்து பார்த்தார்கள். கூலியை உயர்த்தவில்லை, சேரவேண்டிய கூலியில் ஒரு பகுதியைச் சிலருக்குச் சில நாள் முன்னதாகக் கொடுத்தார்கள். முன்னதாக வாங்கியவர்கள் சுமார் 7 சதவீதம் கூடுதலாகச் செய்தார்கள், தவறும் குறைந்தது. சென்னையில் 452 ஏழைத் தொழிலாளர்களின் தூக்கத்தை அளந்தபோது, எட்டு மணி நேரம் படுத்திருந்தும் அவர்கள் ஐந்தரை மணி நேரம்தான் தூங்கினார்கள் என்று தெரிந்தது. வெக்கை, கொசு, இரைச்சல். பகலில் அரைமணி நேரம் தூங்க இடம் கொடுத்தபோது வேலையும் மனநிலையும் மேம்பட்டன. மதியச் சாப்பாட்டுக்குப் பின் சிமெண்ட் மூட்டைமேல் சாயும் சித்தாளை "தூங்குறியா?" என்று அதட்டுகிறவர்கள் இதை அறியவேண்டும்.

இவை தற்கொலையைப் பற்றிய ஆய்வுகள் இல்லை. ஆனால் கடனிலும் வலியிலும் தூக்கமின்மையிலும் மனம் எப்படிச் சுருங்கும் என்பதைக் காட்டுகின்றன. 1958-ல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான எட்வின் ஷ்னைட்மன், தற்கொலை எண்ணத்தின் அடிப்படை அடையாளமாகச் சொன்னதும் இந்தச் சுருக்கத்தைத்தான். சாக விரும்புகிறவரைவிட, வலி நிற்கவேண்டும் என்று விரும்பி வேறு வழி கண்ணில் படாமல் போனவரையே அவர் அதிகம் கண்டார். ஒரே ஆளுக்குள் இரண்டு விருப்பங்களும் ஒரே நேரத்தில் இருக்கும்: இருக்கவும் வேண்டும், முடிக்கவும் வேண்டும். அந்தத் தீவிரம் பெரும்பாலும் நிலைத்து நிற்பதில்லை. ஏறும், உச்சத்துக்குப் போகும், இறங்கும். அந்த உச்ச நேரத்தைக் கடத்திவிடுவது உயிரைக் காப்பாற்றுவது.

தாமஸ் ஜாய்னர் என்ற உளவியலாளர் 2005-ல் வெளியிட்ட நூலில் மூன்று விஷயங்களைச் சொன்னார். தன் தந்தையையே தற்கொலைக்கு இழந்தவர் அவர். எனக்கென்று யாரும் இல்லை என்ற எண்ணம் ஒன்று. நான் இவர்களுக்குப் பாரம் என்ற எண்ணம் இன்னொன்று. இவை இரண்டும் சேர்ந்தாலும் உடம்பு சாவுக்கு அஞ்சும், வலிக்கு அஞ்சும். அந்த அச்சம் பழகிப் பழகித் தேய்ந்திருந்தால் ஆபத்து கூடுகிறது, அது மூன்றாவது. இதைப் படித்தபோது எனக்குச் சாரத்தில் நிற்கும் மனிதர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். ஊரைவிட்டு வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருப்பவர், ஊருக்குப் பணம் அனுப்ப முடியாத மாதத்தில் தன்னைப் பாரமாக நினைக்கிறவர், உயரமும் காயமும் தினசரி பழகியவர். மூன்றும் ஓர் ஆளிடத்தில் சேர்வதற்கு இந்தத் தொழில் இடம் கொடுக்கிறது.

இரண்டாவது எண்ணத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். "நான் பாரம்" என்பது அந்த நேரத்து மூளை சொல்லும் கணக்கு. அது தப்புக் கணக்கு. அந்தக் கொத்தனாரின் குடும்பம் இழந்தது என்ன என்று பெரியப்பா பின்னால் பார்த்தார். கூலி அதில் கடைசி இடத்தில்தான் இருந்தது.

சரி, கேட்பதற்கு வருவோம். "அதைப் பத்திப் பேசினா, இல்லாத நெனப்பை நாமே கிளப்பிவிட்ட மாதிரி ஆயிடாதா?" என்று எல்லோரும் அஞ்சுகிறார்கள். மேடிலின் கூல்டும் அவருடைய குழுவும் நியூயார்க் மாநிலத்தின் ஆறு உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களிடம் இதைச் சோதித்து 2005-ல் வெளியிட்டார்கள். ஒரு பாதிக்குத் தற்கொலை எண்ணம் பற்றிய கேள்விகள் முதலிலேயே தரப்பட்டன, மறுபாதிக்குத் தரப்படவில்லை. கேட்கப்பட்டவர்களிடம் மன உளைச்சலோ தற்கொலை எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்த பிள்ளைகளுக்கு, கேட்டது ஓரளவு ஆறுதலாகவே இருந்தது. இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் வந்த மதிப்பீடும் இதையே உறுதி செய்தது. கேட்பதால் எண்ணம் பிறப்பதில்லை.

எப்படிக் கேட்பது? சுற்றி வளைக்காமல். "தப்பா எதுவும் யோசிக்கலையே?" என்று கேட்டால் "இல்லை" என்ற பதிலை நாமே கையில் கொடுத்துவிடுகிறோம். இப்படிக் கேட்கலாம்:

"ஏன் மாப்ளே, ரெண்டு நாளா சாப்பாட்டைத் தொறக்கவே இல்ல?"

"பசிக்கல மேஸ்திரி."

"பசியைக் கேக்கல, உன்னக் கேக்கறேன். உன்ன மாதிரி கஷ்டத்துல இருக்கறவங்களுக்கு செத்துடலாம்னு தோணும். உனக்கு அப்படித் தோணுதா?"

இந்த இடத்தில் மேஸ்திரி வாயை மூடிக்கொண்டு காத்திருக்கவேண்டும். ஒரு நிமிஷம் ஆகலாம். பதில் "ஆமா" என்று வந்தால் புத்தி சொல்லக்கூடாது. "பொண்டாட்டி புள்ளைய நெனச்சுப் பாத்தியா" என்பது ஏற்கெனவே பாரமாக நினைப்பவர் தலையில் இன்னொரு மூட்டை. எப்போதிலிருந்து, ஏதாவது முடிவு செய்து வைத்திருக்கிறாரா என்று கேட்கலாம். அப்படி இருந்தால் அன்று அவரைத் தனியாக விடக்கூடாது. தீங்கு செய்துகொள்ளக்கூடிய எதுவும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கக்கூடாது. "சரி, சொன்னது நல்லதாப் போச்சு. வா, ரெண்டு பேரும் சேந்து ஒரு போன் போடுவோம்" என்று கூடவே இருந்து பேசவைக்கவேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது; கூட ஓர் ஆள் போனால் போதும், அவர் வந்துவிடுவார். போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயந்து மறைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2018 மே முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதவேண்டும், தண்டிக்கக்கூடாது, அவருக்குச் சிகிச்சை தரவேண்டியது அரசின் கடமை என்கிறது.

கேட்டதோடு வேலை முடிந்துவிடாது. மறுநாளும் கேட்கவேண்டும், மறுவாரமும் கேட்கவேண்டும். இதற்குச் சான்று தந்த ஊர்களில் சென்னையும் ஒன்று. தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரை வைத்து உலகச் சுகாதார நிறுவனம் ஓர் ஆய்வு நடத்தியது. சென்னை, கொழும்பு, பிரேசிலின் கம்பினாஸ், ஈரானின் கராஜ், சீனாவின் யுன்செங் ஆகிய ஐந்து இடங்கள். ஒரு பாதிப்பேருக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதிக்கு, வீடு திரும்பும் முன் ஒரு மணி நேரப் பேச்சு, பிறகு பதினெட்டு மாதங்களில் ஒன்பது தடவை போனிலோ நேரிலோ "எப்படி இருக்கீங்க?" என்ற விசாரிப்பு. பதினெட்டு மாத முடிவில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம் பேர். 2008-ல் வெளியான அந்தக் கட்டுரையை எழுதியவர்களில், 1986-ல் சென்னையில் 'ஸ்நேகா' அமைப்பைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமார் இருக்கிறார். குவீன்ஸ்லாந்தின் டியகோ டி லியோவும் இருக்கிறார். ஹெல்மெட் ஸ்டிக்கரின் கதையும் சென்னையும் இப்படி ஒரு கட்டுரையில் சந்திக்கின்றன.

அந்த ஆய்வில் விசாரித்தவர்கள் மருத்துவ அனுபவம் உள்ளவர்கள். மேஸ்திரி கேட்டாலும் அதே அளவு பலன் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சாப்பாடு மூடியே இருந்ததை மருத்துவர் பார்க்கவில்லை, பெரியப்பாதான் பார்த்தார். கரண்டி கைமாறியதைப் பையன் பார்த்தான். மருத்துவர்வரை ஆளைக் கொண்டுசேர்க்க அவர்களால்தான் முடியும்.

குவீன்ஸ்லாந்து ஏற்பாட்டை அப்படியே எடுத்து இங்கே ஒட்ட முடியாது என்பதும் உண்மை. அங்கே தொழிற்சங்கமும் முதலாளிகளும் இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் நின்றார்கள். இங்கே இன்று இந்த வீடு, நாளை வேறு வீடு. அங்கே பேச்செல்லாம் ஆண்களைச் சுற்றியே. இங்கே கல்லும் கலவையும் சுமக்கிறவர்களில் பெண்கள் ஏராளம். வேலை முடிந்து போய் அடுப்பு பற்றவைக்கிற சித்தாளுக்கு ஆண்கள் கூடும் டீக்கடையில்கூட இடமில்லை. அவர்களைக் கேட்க அவர்களில் ஒருத்திக்கே பயிற்சி வேண்டும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்திருப்பவர்களுக்கு மொழியும் இல்லை. ஆனால் நம்மிடம் வேறொன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் கட்டடத் தொழிலாளர் நல வாரியம் 1994 முதல் இயங்குகிறது. கட்டுமானச் செலவில் 1 சதவீதம் அதற்கு வருகிறது. அந்தப் பணத்தில் ஒவ்வொரு மேஸ்திரிக்கும் அரைநாள் பயிற்சி கொடுப்பது பெரிய செலவில்லை. இதை அரசு செய்யவேண்டும் என்று கேட்கிறேன். கூடவே, கூலி நிலுவையும் கந்து வட்டியும் அப்படியே இருக்க ஸ்டிக்கர் மட்டும் ஒட்டினால் அது ஏமாற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பெரியப்பா பின்னாட்களில் கேட்கக் கற்றுக்கொண்டார். பயிற்சி ஏதும் இல்லை, பட்டறிவுதான். மூன்று நாளாக யாருடனும் பேசாமல் இருந்த கம்பி கட்டும் தம்பி ஒருவரை, கான்கிரீட் போட்ட அன்று இரவு, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து நேராகக் கேட்டார். அவர் அழுதார். விடியும்வரை பெரியப்பா கூடவே இருந்து, காலையில் பஸ் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அந்தத் தம்பி இன்று பேரன் எடுத்துவிட்டார். பெரியப்பாவின் காரியத்துக்கு வந்து, கடைசிவரை நின்று பந்தி பரிமாறினார்.

இதைப் படிக்கிறவர்களில் பலர் வீடு கட்டியிருப்பீர்கள், கட்டிக்கொண்டிருப்பீர்கள். நிலை வைக்கிற அன்று மேஸ்திரிக்குத் தாம்பூலத்தில் பணம் வைத்துக் கொடுக்கிறோம். அதோடு, சனிக்கிழமைக் கூலியைச் சனிக்கிழமையே கொடுங்கள். சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடவை அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள்; யாராவது திறக்காமல் வைத்திருந்தால் கேளுங்கள். இரண்டு எண்களை உங்கள் கைபேசியிலும் அவர்கள் கைபேசியிலும் பதிந்துவிடுங்கள். மத்திய அரசின் டெலி-மானஸ் 14416, தமிழ்நாடு அரசின் சுகாதார உதவி எண் 104. படிக்கிற உங்களுக்கே அந்த எண்ணம் இருந்தாலும் இதே எண்கள்தான், இப்போதே அழையுங்கள். 14416-ல் தமிழ், இந்தி, ஒடியா உட்பட 20 மொழிகளில் பேசலாம். கட்டணம் கிடையாது. நள்ளிரவிலும் எடுப்பார்கள்.